ஏறி வந்த பச்சை

லுசைல். இரவு ஒன்பதே கால்.
எழுபதாவது மாடியில், லிஃப்ட் கிணற்றின் வாயில்
குப்புறப் படுத்திருக்கிறேன்.
இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு,
கயிற்றின் மறுமுனை எதில் கட்டியிருக்கிறதென்று
தாபாவிடம் இன்று இரண்டு முறை கேட்டாயிற்று.

முந்நூறு மீட்டர் கீழே, குழிக்குள்
பிச்சைக்கனி லேசருக்கு மட்டம் பார்க்கிறான்.
"விடட்டுமா?"
"விடு."

வருகிறது.
என் கையிலுள்ள தகட்டில் ஒரு பச்சைப் பொட்டு,
கொத்தமல்லி விதை அளவு.
இரும்பு நேராக நிற்கிறதா என்பதை
இதைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.
நாலு மில்லி கிழக்கே தள்ளு.
போதும். முடுக்கு.

இயற்பியலில் எனக்கு இரண்டு அரியர் உண்டு.
அதில் ஒன்று இந்தப் பொட்டைப் பற்றியது.

ஏறுகிற எதற்கும் மூச்சு வாங்கும்.
தண்ணீருக்குப் பம்ப் வேண்டும்,
கான்கிரீட்டுக்கு அதைவிடப் பெரிய பம்ப்,
எங்களுக்கு நாற்பதாவது மாடியில் ஒரு பீடி.
ஒளி மட்டும் தளராது,
வேகத்தில் சல்லிக்காசு குறைக்காது.
ஆனாலும் பூமி சும்மா விடுவதில்லை,
ஏற்றக்கூலியை நிறத்தில் பிடித்துக்கொள்கிறது.
கீழே புறப்பட்ட பச்சை
மேலே சேரும்போது
சிவப்பின் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கும்.
மயிரிழை என்பதும் அதிகம்:
நூறு லட்சம் கோடியில் மூன்று பங்கு.

வாக்கிடாக்கியில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
"அப்ப நான் அனுப்புற பச்சை ஒனக்கு வந்து சேரலயா?"
"சேருது. வேற பச்சையா சேருது."
"நடுவுல எவன் எடுக்கான்?"
"எவனும் எடுக்கலடே."
"எக்ஸ்சேஞ்சுலயும் இதையேதான் சொல்லுதான்."

அதற்கப்புறம் யோசித்துப் பார்த்தேன்.
கூலி என்று சொன்னது என் தப்பு.
அவன் எண்ணி அனுப்பிய துடிப்புகளில்
ஒன்றுகூட வழியில் விழவில்லை.
எல்லாம் வந்துவிட்டன.
என் நொடிதான் அவன் நொடியைவிடச் சீக்கிரம் முடிகிறது,
அதனால்தான் என் நொடிக்குள்
அவை கொஞ்சம் குறைகின்றன.
உயரத்தில் காலம் அவசரக்காரன்.

கணக்குப் போட்டேன், சிமெண்ட் உறையின் பின்பக்கம்.
இரண்டு வருடம், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்,
ஆக மொத்தம் ஒரு வருடம் மேலே.
(வெள்ளிக்கிழமைகளைத் தள்ளவில்லை.)
பிச்சைக்கனியைவிட நான் கூடுதலாக வாழ்ந்தது
ஒரு மைக்ரோ நொடி.
டைம்கீப்பர் ஷபீக்கின் ஓவர்டைம் தாளில்
அதற்குக் கட்டம் இல்லை.

உறையில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.
ஒளி ஒரு தடவை
இந்தக் கிணற்றில் ஏற எவ்வளவு நேரம்?
வகுத்தேன்.
அதுவும் ஒரு மைக்ரோ நொடி.
தப்போ என்று நூறு மீட்டருக்குப் போட்டேன், ஆயிரத்துக்குப் போட்டேன்.
கோபுரம் எந்த உயரமானாலும்
ஒரு வருடம் உச்சியில் கிடந்து ஒருவன் முந்துவது
கீழிருந்து ஒரு வெளிச்சம் அவனிடம் வந்து சேரும் நேரம்தான்,
கிட்டத்தட்ட.
உறையைக் கிழித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.
யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் வாக்கிடாக்கி செத்துப்போனது.
பொட்டு அணைந்தது, எரிந்தது. அணைந்தது, எரிந்தது.
அவன் உள்ளங்கையை நீட்டி மறைக்கிறான்.
இரண்டு முறை என்றால் டீ வந்துவிட்டது.
அன்று மூன்றாவது முறையும் அணைந்தது.
மூன்றுக்கு நாங்கள் அர்த்தம் பேசி வைத்திருக்கவில்லை.
எழுபது மாடியும் படியில் ஓடினேன்.
குழியில் முழங்கால் அளவு தண்ணீர்,
தலைக்கு மேல் லேசர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறான்.
"இது நனைஞ்சா சம்பளத்துல பிடிப்பான்லா" என்றான்.

இப்போது லிஃப்ட் ஓடுகிறது.
வெள்ளோட்டத்தில் இருவரும் ஒரே பெட்டியில் ஏறினோம்,
இருவருக்கும் ஒரே நேரத்தில் காது அடைத்தது.
கேம்ப் பஸ்ஸில் திரும்பும்போது கணக்கைச் சொன்னேன்.
என்னைவிட நாலு வயது மூத்தவன் அவன்.
அதில் ஒரு மைக்ரோ நொடியை எட்டிப் பிடித்துவிட்டேன்,
இறங்கி வந்துவிட்டாலும் அது திரும்பாது.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
"அடுத்த சைட்ல நான் மேல, நீ குழி" என்றான்.
"கணக்கு நேராகட்டும்."

சரி என்றேன்.
குழியில் கொசு உண்டா என்று கேட்டேன்.
"உண்டு. மெதுவாத்தான் கடிக்கும்."